மார்புக்குள் ஒரு காவல்காரன்!

வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்குப் பொருத்தும் மின்சாரக் கருவி

"சாவி! சாவி இருந்தா கொண்டாங்கப்பா!"

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஊர்களில் இந்தக் கூச்சலைக் கேட்காதவர்கள் குறைவு. கடைத்தெருவில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்துவிட்டால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்தை அவிழ்ப்பார். இன்னொருவர் விழுந்தவரின் விரல்களைப் பிரித்து, சாவியை உள்ளங்கையில் திணிப்பார்.

இரண்டு, மூன்று நிமிடத்தில் வலிப்பு நின்றுவிடும். "பார்த்தீங்களா, இரும்பு பட்டதும் அடங்கிருச்சு!" என்பார்கள்.

அடங்கியது உண்மை. ஆனால் அடக்கியது சாவி அல்ல!

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு, மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிப்போய்விடும். வலிப்பு தானாக நிற்கிறது. பெயர் சாவிக்குக் கிடைக்கிறது.

இப்போது ஒரு புதுமையைக் கேளுங்கள்.

சில குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததும், தாய் ஒரு சின்னக் காந்தத்தை எடுக்கிறாள். குழந்தையின் இடது மார்பின் மேல் அதை ஒரு தடவை தடவுகிறாள். சில சமயம் வலிப்பு சீக்கிரமே நின்றுவிடுகிறது.

இதுவும் சாவிக் கதைதானா? இல்லை. அந்தக் குழந்தையின் மார்புத் தோலுக்கு அடியில் ஒரு மின்சாரக் கருவி இருக்கிறது. காந்தம், அந்தக் கருவிக்குத் தாய் கொடுக்கும் கட்டளை!

அது என்ன கருவி? யாருக்குப் பொருத்துவார்கள்? அதை வைத்துக்கொண்டு குழந்தை எப்படி வாழ்கிறது? விவரமாகப் பார்ப்போம்.

வலிப்பு என்றால் என்ன?

அருப்புக்கோட்டைக்காரர்களுக்குத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை.

ஒரு தெருவில் நூறு தறி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தறியும் தன் போக்கில் ஓடும். ஒன்று வேட்டி நெய்யும். ஒன்று சேலை நெய்யும். வேலை ஒழுங்காக நடக்கும்.

திடீரென்று நூறு தறியும் ஒரே அடியாக, ஒரே நேரத்தில், தாறுமாறாக அடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? தெருவே அதிரும். நூல் அறும். ஒரு முழம் துணிகூடத் தேறாது.

மூளையும் அப்படித்தான். மூளைக்குள் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை மிகச் சிறிய மின்சாரத்தால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. அந்த மின்சாரம் கட்டுமீறி ஒரே நேரத்தில் பாய்ந்தால் கை, கால் வெட்டி இழுக்கும். நினைவு தப்பும். இதுதான் வலிப்பு.

எல்லா வலிப்பும் கீழே தள்ளி இழுப்பது இல்லை. சில குழந்தைகள் பத்து நொடி அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் காதில் விழாது. "பாடத்தில் கவனம் இல்லை" என்று வாத்தியார் திட்டுவார். அதுவும் வலிப்பாக இருக்கலாம்.

மூளையில் மின்சாரம் ஓடுவதைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்ட முடியும். ஜெர்மனி நாட்டு டாக்டர் ஹான்ஸ் பெர்கர், 1924-ம் ஆண்டில் முதன்முதலாக மனித மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்தார். 1929-ல் அதை உலகத்துக்கு வெளியிட்டார். இன்று "ஈ.ஈ.ஜி." என்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது அந்தச் சோதனையைத்தான்.

வலிப்பு பேய் அல்ல. சாமி குற்றம் அல்ல. காக்காயால் வருவதும் அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலையில் அடி, மூளைக் காய்ச்சல், மூளைக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்புழுக்கள், பரம்பரைக் காரணம் என்று பல காரணங்களால் இது வரலாம். காரணம் தெரியாமலும் வரலாம். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடுமையான காய்ச்சலின்போது சின்னக் குழந்தைக்கு ஒரு தடவை இழுப்பு வந்துவிட்டால், உடனே அது வலிப்பு நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் மாத்திரை

கருவி என்றதும் ஓடிவிடாதீர்கள். முதல் மருந்து மாத்திரைதான்.

1912-ம் ஆண்டில் "பீனோபார்பிட்டால்" என்ற மருந்து வலிப்பைக் குறைக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1938-ல் "பெனிட்டாயின்" வந்தது. அதன்பிறகு இன்னும் பல மருந்துகள் வந்துவிட்டன.

சரியான மருந்தை, சரியான அளவில், நாள் தவறாமல் சாப்பிட்டால், வலிப்பு நோயுள்ள 100 பேரில் 70 பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும்.

இதற்குப் பெரிய நகரம்தான் வேண்டும் என்பது இல்லை. பெங்களூரைச் சேர்ந்த நரம்பு நோய் டாக்டர் கே.எஸ்.மணியும் அவருடைய குழுவினரும் கர்நாடகத்தில் ஏளந்தூர் என்ற கிராமப் பகுதிக்குப் போனார்கள். விலை குறைந்த இரண்டே மருந்துகளை வைத்துக்கொண்டு சிகிச்சை செய்தார்கள். கிராமத்தில் இருந்தபடியே பலருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார்கள். அந்த விவரம் 2001-ல் இங்கிலாந்து நாட்டு மருத்துவப் பத்திரிகையான "லான்செட்"டில் வெளிவந்தது.

நம் பக்கத்தில் பலர் செய்யும் தவறு என்ன தெரியுமா? ஆறு மாதம் வலிப்பு வரவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மழை பொய்த்த வருடத்தில் பஸ்சுக்குக் காசு இல்லை என்று நிறுத்துவார்கள். கோடாங்கி சொன்னார் என்று நிறுத்துவார்கள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வரும். உயிருக்கே மோசம் வரலாம்.

மாத்திரை கேட்காத குழந்தைகள்

மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தும் சில குழந்தைகளுக்கு வலிப்பு நிற்பது இல்லை. 3 பேரில் ஒருவர் இப்படி இருக்கிறார். தகுந்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், "மருந்துக்கு அடங்காத வலிப்பு" என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

அப்படிப்பட்ட குழந்தையை வைத்திருக்கும் தாய் படும் பாட்டை என்னவென்று சொல்வது?

கரிசல் காட்டுக்குக் களையெடுக்கப் போனால் பிள்ளையையும் கூடவே கூட்டிப் போக வேண்டும். அங்கே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். வீட்டில் விட்டுப் போனால் அடுப்பு எரியும். கரிமூட்டம் போடும் இடத்துக்குப் பிள்ளை விளையாடப் போகும். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஊருக்கு எல்லாம் சந்தோஷம். அந்தத் தாய்க்கு மட்டும் பயம்!

இந்தக் குழந்தைகளுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மூளை ஆபரேஷன். வலிப்பு மூளையில் ஒரே ஓர் இடத்தில் கிளம்புகிறது என்று தெரிந்தால், அந்த இடத்தை எடுத்துவிடலாம். நம் நாட்டில் இது புதிது அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் மூளை, நரம்பு ஆபரேஷன் பிரிவைத் தொடங்கினார். 1952-லேயே அங்கு வலிப்புக்கு ஆபரேஷன் நடந்தது.

இரண்டாவது வழி, உணவு. கொழுப்பை மிக அதிகமாகவும், மாவுச் சத்தை மிகக் குறைவாகவும் கொடுக்கும் ஒரு பத்தியம் இருக்கிறது. 1921-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இதை டாக்டரின் நேர்ப் பார்வையில்தான் செய்ய வேண்டும்.

ஆபரேஷனும் முடியாது, பத்தியமும் பலிக்கவில்லை என்றால்?

அங்கேதான் வருகிறது, மூன்றாவது வழி. மார்புக்குள் இருக்கும் காவல்காரன்!

ஊர்சுற்றி நரம்பு

நமது மூளையில் இருந்து ஒரு நீண்ட நரம்பு கிளம்புகிறது. கழுத்து வழியாக இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று எல்லா இடத்துக்கும் போகிறது. அதற்கு "வேகஸ்" நரம்பு என்று பெயர். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு "அலைந்து திரிவது" என்று பொருள். நாம் "ஊர்சுற்றி நரம்பு" என்று சொல்லலாம்.

இந்த நரம்பில் உள்ள இழைகளில் பெரும்பகுதி, உடம்பில் இருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள். ஆகவே, கழுத்தில் இந்த நரம்பைத் தட்டினால் மூளையில் எட்டும்.

இந்த யோசனை பழையது. 1880-களிலேயே அமெரிக்காவில் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் கார்னிங், கழுத்தை அழுத்தியும் மின்சாரம் கொடுத்தும் வலிப்பை நிறுத்தப் பார்த்தார். அப்போது யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யோசனை தூங்கிப் போயிற்று.

நூறு ஆண்டு கழித்து, பிலடெல்பியா நகரில் ஜேக்கப் சபாரா என்ற விஞ்ஞானி அதை எழுப்பினார். நாய்களை வைத்துச் சோதனை செய்தார். வேகஸ் நரம்பில் மின்சாரம் கொடுத்தால் வலிப்பு நிற்பதை 1985-ல் எடுத்துக் காட்டினார்.

1988-ம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாகாணத்தில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். 1997-ல் அமெரிக்க அரசாங்கம், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைப் பொருத்த அனுமதி அளித்தது. 2017-ல் அந்த வயதை 4 ஆகக் குறைத்தது.

நரம்புக்கும் மூளைக்கும் மின்சாரத்தால் சிகிச்சை செய்வதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ்.கனகா, இந்தியாவின் முதல் பெண் மூளை ஆபரேஷன் நிபுணர். மூளைக்குள் மின்கம்பியை நிரந்தரமாகப் பொருத்திச் சிகிச்சை செய்யும் முறையில், 1970-களிலேயே நம் நாட்டுக்கு வழிகாட்டியாக இருந்தார். 2018-ல் காலமானார்.

எப்படிப் பொருத்துகிறார்கள்?

கருவி, பழைய காலத்துப் பாக்கெட் கடிகாரம் போன்றது. வட்டமாக, தட்டையாக இருக்கும். எடை 25 கிராம் அளவுதான். உள்ளே பாட்டரி இருக்கிறது.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். இடது மார்பின் மேல்பக்கம், காறை எலும்புக்குக் கீழே ஒரு வெட்டு. தோலுக்கு அடியில் கருவியை வைப்பார்கள். இடது பக்கக் கழுத்தில் இன்னொரு வெட்டு. ஒரு மெல்லிய கம்பியைத் தோலுக்கு அடியிலேயே கொண்டுபோய், வேகஸ் நரம்பில் கொடி சுற்றுவதுபோல் சுற்றிவிடுவார்கள். ஒன்று அல்லது இரண்டு மணி நேர வேலை. மூளையைத் தொடுவதே இல்லை!

ஏன் இடது பக்கம்? வலது பக்க நரம்புக்கு இதயத் துடிப்போடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. இதயத்துக்குத் தொந்தரவு வரக் கூடாது என்பதற்காக இடது பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

புண் ஆறியதும், சுமார் இரண்டு வாரத்தில் கருவியை முடுக்கிவிடுவார்கள். அதற்காக மறுபடியும் கத்தி வைக்க வேண்டியது இல்லை. டாக்டர் ஒரு சாதனத்தை மார்பின் மேல் காட்டி, வெளியில் இருந்தே அளவைக் கூட்டுவார், குறைப்பார்.

முதலில் ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்கு மின்சாரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். நம் வீட்டுச் சின்ன பிளக்கில் 5 ஆம்பியர் வரை ஓடும். கருவி தருவது, அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். குழந்தையைத் தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். அடிக்காது.

பொதுவாக 30 நொடி வேலை, 5 நிமிடம் ஓய்வு. இப்படி இரவும் பகலும் நடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் சுமார் 260 தடவை! குழந்தை தூங்கும்போதும் காவல்காரன் தூங்குவது இல்லை.

குணமாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் வேண்டும்.

குணமாகாது. குறையும்!

கருவி பொருத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வலிப்பின் எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. வலிப்பு அறவே நின்றுபோவது மிகச் சிலருக்குத்தான். இன்னும் சிலருக்குப் பலனே தெரிவது இல்லை.

பலன் மறுநாளே தெரியாது. மாதங்கள் ஆகும். ஒரு வருடம், இரண்டு வருடம் போகப் போகப் பலன் கூடும். விதை போட்டதும் பருத்தி வெடித்துவிடாது, அல்லவா?

மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. கருவியும் மாத்திரையும் சேர்ந்து உழைக்க வேண்டும். நல்ல பலன் தெரிந்தால் சில மருந்துகளை டாக்டர் குறைக்கலாம்.

"பாதி குறைவதற்கா இத்தனை பாடு?" என்று கேட்கலாம்.

ஒரு நாளில் பத்து தடவை விழும் குழந்தை, ஐந்து தடவை விழுகிறது என்றால், மண்டை உடைவது ஐந்து தடவை தப்பியது. வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளிக்கூடம் போக முடிந்தால், அகர வரிசை மனதில் நிற்கும். தாய் ஓர் இரவாவது தூங்க முடிந்தால், மறுநாள் கூலி வேலைக்குப் போக முடியும். அந்த வீட்டுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

காந்தம் என்ன செய்கிறது?

கருவியோடு காந்தமும் கொடுப்பார்கள். கைக்கடிகாரம்போல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ளலாம்.

வலிப்பு வரப்போவது தெரிந்தாலோ, வந்துவிட்டாலோ, காந்தத்தைக் கருவியின் மேல் ஒரு நொடி தடவி எடுக்க வேண்டும். உடனே கருவி, முறை வராமலேயே ஒரு தடவை கூடுதலாக மின்சாரம் கொடுக்கும். சில வலிப்புகள் இதனால் சுருங்கிவிடும். எல்லாம் அல்ல.

காந்தத்தை எடுக்காமல் கருவியின் மேலேயே வைத்திருந்தால், வேலை நேர்மாறு! கருவி நின்றுவிடும். எடுத்தால்தான் மறுபடி ஓடும். கருவியால் வலியோ, விடாத இருமலோ வந்தால், இப்படி நிறுத்தி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம்.

புதிய கருவிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமானவை. வலிப்பு வரும்போது பலருக்கு இதயம் வேகமாகத் துடிக்கும். அதைக் கருவியே கண்டுகொண்டு தானாக மின்சாரம் கொடுக்கும். 2015-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

வீட்டிலும் பள்ளியிலும்

கருவி ஓடும் அந்த 30 நொடியில் குழந்தையின் குரல் கரகரக்கும். தொண்டை கமறும். இருமல் வரும். ஓடியாடினால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். பெரும்பாலும் நாள் ஆக ஆக இவை குறையும்.

இதை வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாடம் வாசிக்கும்போது பிள்ளையின் குரல் நடுங்கினால், "பயந்து நடுங்குகிறான்" என்று மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருந்தால் வகுப்புக்கே எடுத்துச் சொல்வார். ஒரு காந்தத்தைப் பள்ளியிலும் கொடுத்து வையுங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

திருவிழாவில் கட்டும் பெரிய ஒலிபெருக்கிக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. குழந்தை அதன்மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. ஒரு முழமாவது தள்ளி நிற்கட்டும். செல்போனை இடது மார்புப் பையில் வைக்கக் கூடாது.

மிக்சி, டி.வி., மின்விசிறி போன்றவை பழுது இல்லாமல் இருந்தால் பயம் இல்லை.

ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "உள்ளே கருவி இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். காந்த ஸ்கேன் எடுக்கத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. உடம்பு வலிக்கு மின்சாரத்தால் சூடு வைக்கும் "டயாதெர்மி" சிகிச்சை கூடவே கூடாது.

கருவி பொருத்தியதற்கான அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோவில் வாசலில் சோதனை வளையம் இருக்கிறது. அட்டையைக் காட்டிவிட்டு, வளையத்தில் நிற்காமல் நடந்து போய்விடலாம்.

பங்குனிப் பொங்கல் வந்தால் அருப்புக்கோட்டை தூங்காது. ஆனால் வலிப்பு நோயுள்ள பிள்ளை தூங்க வேண்டும். கண் விழிப்பது வலிப்பைக் கிளப்பும். சாமி ஊர்வலத்தை முன்னிரவில் காட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

கிணறு, கண்மாய், அடுப்பு, மொட்டை மாடி ஆகியவற்றில் முன்போலவே கவனம் வேண்டும். காவல்காரன் வந்துவிட்டான் என்று வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாமா?

வலிப்பு வந்தால்

கருவி உள்ள குழந்தையோ, இல்லாத குழந்தையோ, செய்ய வேண்டியது இதுதான்:

1. பதறாமல் மணியைப் பாருங்கள்.

2. பக்கத்தில் கல், நெருப்பு, தண்ணீர் இருந்தால் குழந்தையை அப்புறப்படுத்துங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள்.

3. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும்.

4. கை, காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ, துணியோ, தண்ணீரோ கொடுக்காதீர்கள்.

5. காந்தம் இருந்தால் ஒரு தடவை தடவுங்கள். டாக்டர் மூக்கில் அடிக்கும் மருந்து கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி பயன்படுத்துங்கள்.

6. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலும், உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

செலவு எவ்வளவு?

இங்கேதான் ஏழைகளின் நெஞ்சு அடைக்கிறது.

கருவியும் ஆபரேஷனும் சேர்ந்து பல லட்சம் ரூபாய் ஆகும். அதோடு முடியவில்லை. பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுக்குள் பாட்டரி தீர்ந்துவிடும். அப்போது மறுபடியும் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, கருவியை மாற்ற வேண்டும். அதற்கும் செலவு உண்டு.

ஆகவே நிலத்தை விற்பதற்கு முன்னால், நகையை அடகு வைப்பதற்கு முன்னால், டாக்டரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்:

என் பிள்ளைக்கு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா? மூளை ஆபரேஷனால் குணமாகும் வாய்ப்பு உண்டா? கருவியால் எந்த வகை வலிப்பு, எவ்வளவு குறையும்? மாதா மாதம் அளவு கூட்ட எங்கே வரவேண்டும்? பாட்டரி மாற்றும் செலவுக்கு என்ன வழி?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

எங்கே தொடங்குவது? பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் அரசாங்க டாக்டர் குழுவிடம் சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அவர்கள் கவனிக்க வேண்டிய நோய்களில் வலிப்பும் ஒன்று. அருப்புக்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரையில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய சோதனைகளுக்கு அங்கிருந்து மேலே அனுப்புவார்கள். வலிப்புக்கென்றே தனி மையம், திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் இருக்கிறது.

முதல்-அமைச்சரின் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில், எந்தச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் பணம் கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

மறைக்காதீர்கள்!

"வெளியே தெரிந்தால் பொம்பளைப் பிள்ளையை யார் கட்டுவார்?" என்று மூடி மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே துணை நின்றது. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்து, திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வலிப்பு என்ற சொல்லை அடியோடு நீக்கியது. வலிப்பு உள்ளவர்கள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம்.

சட்டம் மாறிவிட்டது. நம் மனம் மாற வேண்டாமா? ஆண்டுதோறும் நவம்பர் 17-ந் தேதி இந்தியாவில் வலிப்பு நோய் விழிப்பு தினம் கொண்டாடுவது இதற்காகத்தான்.

விஞ்ஞானம் நிற்கவில்லை. லண்டனில் உள்ள ஒரு பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில், 2023 அக்டோபரில் ஒரு சிறுவனுக்கு மண்டை ஓட்டிலேயே கருவியைப் பொருத்தி, மூளையின் ஆழத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். பகலில் வரும் வலிப்பு 80 சதவீதம் குறைந்ததாக 2024-ல் செய்தி வந்தது. அது இன்னும் சோதனை நிலையில் உள்ள சிகிச்சை.

ஒரு நோட்டுப் புத்தகம்

கருவி வாங்கப் பல லட்சம் வேண்டும். ஆனால் அதற்குச் சமமான ஒரு பொருள், பெட்டிக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுதான் கோடு போட்ட நோட்டுப் புத்தகம்!

டாக்டர் குழந்தையைப் பார்ப்பது பத்து நிமிடம். தாய் பார்ப்பது நாள் முழுவதும். கருவியில் மின்சாரத்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டுமானால், வீட்டில் நடந்தது அவருக்குத் தெரிய வேண்டும்.

வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம், காந்தம் தடவினோமா, நின்றதா, அன்று மாத்திரை கொடுத்தோமா, பிள்ளை நன்றாகத் தூங்கியதா - இவ்வளவையும் எழுதுங்கள்.

எழுதப் பழகாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காலண்டரில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு வலிப்புக்கு ஒரு கோடு கிழியுங்கள். காந்தம் தடவியிருந்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். போன மாதம் முப்பது, இந்த மாதம் இருபத்திரண்டு என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

எந்த டாக்டரும் அந்தக் கோடுகளைத் தள்ளிவிட்டு மருந்து எழுதமாட்டார்.